ஈரமே பதம்: கோவா எப்படித் திரள்கிறது, எங்கே தவறுகிறது

ஒரே கடையில் வாங்கிய கோவாதான். ஒரு வாரம் குலாப் ஜாமூன் பஞ்சாக வருகிறது. அடுத்த வாரம் அதே அளவில் பிசைந்த உருண்டை எண்ணெயில் விழுந்ததும் நூல்நூலாகப் பிரிந்து மிதக்கிறது. பழி உடனே மைதாவின் மேலோ சோடா உப்பின் மேலோ விழும். கோவாவுக்குள் இருந்த தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் பால் இனிப்புகளில் நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. 100 கிராமில் 45 கிராம் தண்ணீர் உள்ளதும் கோவா என்றே விற்கப்படுகிறது, 30 கிராம் உள்ளதும் கோவா என்றே விற்கப்படுகிறது. இரண்டும் ஒரே வேலைக்கு ஆகாது.

பெயரில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வடக்கே கோயா என்றும் மாவா என்றும் சொல்வது, சர்க்கரை சேர்க்காமல் பாலை மட்டும் சுண்டக் காய்ச்சித் திரட்டியதை. தமிழ்நாட்டு மிட்டாய்க் கடைகளில் இனிப்பில்லாத கோவா என்று கேட்டால் கிடைப்பது இதுதான். சர்க்கரையோடு சேர்ந்து திரண்டது பால்கோவா. திரட்டுப்பால் அதற்கு உறவு. வெல்லமோ சர்க்கரையோ சேரும், பதம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ரசகுல்லாவுக்கும் சந்தேஷுக்கும் ஆகும் சென்னா வேறு சாதி. அதில் பாலைப் புளிப்பால் திரித்துத் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். பாலின் இயல்பான இனிப்பான லாக்டோஸில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். கோவாவில் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டுமே. கொழுப்பு, புரதம், லாக்டோஸ், உப்புகள் எல்லாம் சட்டியிலேயே தங்குகின்றன. கோவாவின் நிறம், மணம், நறநறப்பு எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

இனி கணக்கு. பாக்கெட் பாலில் ஃபுல் கிரீம் என்றால் 6 சதவீதம் கொழுப்பு, 9 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருள். 1 லிட்டர் பாலின் எடை சுமார் 1,030 கிராம். அதில் திடப்பொருள் ஏறத்தாழ 155 கிராம். 30 சதவீத ஈரத்தில் இறக்கினால் 220 கிராம் கோவா வரும், 45 சதவீதத்தில் இறக்கினால் 280 கிராம். 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் திடப்பொருள் 130 கிராம் அளவுதான். கெட்டியான கோவா 185 கிராம் தேறும். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், மற்றவை 8.5. அதில் 170 கிராம் கிடைத்தால் அதிகம்.

எடை குறைவது மட்டுமானால் பரவாயில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி கோவாவில் திடப்பொருள் 55 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அந்தத் திடப்பொருளில் பால் கொழுப்பு குறைந்தது 30 சதவீதம் இருக்க வேண்டும். டோன்டு பாலில் 11.5 பங்கு திடப்பொருளுக்குக் கொழுப்பு 3 பங்கு, அதாவது 26 சதவீதம். எவ்வளவு பொறுமையாகக் கிளறினாலும் அந்தப் பால் விதி கேட்கும் கோவாவாக மாறாது. சமையலறை மொழியில் சொன்னால், ரப்பர் போல இழுபடும், வாயில் போட்டால் உலர்ந்து ஒட்டும். ஃபுல் கிரீம் பாலில் இதே கணக்கு 40 சதவீதம். எருமைப்பாலைக் கோவாக்காரர்கள் விரும்புவதும் இதனால்தான். கொழுப்போடு கேசீன் புரதமும் கால்சியமும் எருமைப்பாலில் கூடுதல். மிருதுவான, பொடி மணியான, வெளிர் நிறக் கோவா வரும். பசும்பால் கோவா மஞ்சள் சாயலோடு சற்றே பிசுக்கென்று இருக்கும். பர்பிக்கு அது குறை. பால்கோவாவுக்குக் குறையே இல்லை.

காய்ச்சும் பாத்திரம் அகலமாக, அடி கனமாக இருக்க வேண்டும். 2 லிட்டர் பாலுக்கு 6 லிட்டர் கொள்ளும் இரும்பு வாணலியோ உருளியோ சரி; பால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிற்கக் கூடாது. கெட்டியான கோவாவுக்கு 2 லிட்டரிலிருந்து 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும், அத்தனையும் பாலின் மேற்பரப்பு வழியாக. குறுகிய குண்டானில் இதைச் செய்தால் நேரம் இரண்டு மடங்காகும், அவ்வளவு நேரமும் பால் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். கிளறுவதற்கு நுனி தட்டையான இரும்புத் திருப்பியோ மரத் துடுப்போ வேண்டும். வளைந்த கரண்டி வாணலியின் அடியைக் கோடாகத்தான் தொடும், தட்டை நுனி பட்டையாக வழிக்கும்.

ஆரம்பத்தில் பெரிய தீ. பால் பொங்கித் தளதளவென்று கொதிக்கட்டும். துடுப்பு வட்டமாகச் சுற்றினால் போதும். விளிம்பில் படியும் ஏட்டை அவ்வப்போது வழித்துப் பாலுக்குள் தள்ளிவிட வேண்டும். காய விட்டுப் பிறகு வழித்தால் அது கடைசிவரை தோல்தோலாகவே நிற்கும். பாஸந்திக்கோ ரப்ரிக்கோ அந்த ஏடு வேண்டும். கோவாவுக்கு வேண்டாம்.

பால் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சுண்டும்போது ஒரு மாற்றம் நடக்கும். இதை உற்றுப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. அதுவரை திருப்பியின் மேல் வழவழவென்று வழிந்த பால், திடீரென்று ரவை கலந்தது போலத் தெரியும். வெள்ளை நிறம் மங்கி வெளிர் சந்தன நிறம் எட்டிப் பார்க்கும். பால் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. சூட்டாலும் செறிவாலும் புரதம் தன் பிடியை விட்டு மணிமணியாக உறைகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில் தீயைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கையை இரண்டு மடங்கு வேகமாக்க வேண்டும். தீயைக் குறைக்காவிட்டால் அடியில் படிந்த புரதம் நிமிடத்துக்குள் தீயும். அந்தத் தீய்ந்த வாசனையை ஏலக்காயோ குங்குமப்பூவோ மறைக்காது. அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை மட்டும் வேறு வாணலிக்கு மாற்றித் தொடர்வதே வழி.

அடுத்து அது கூழாகி, குமிழி வெடித்துத் தெறிக்கும். பிறகு தெறிப்பு அடங்கும், ஆவி மெலியும், கலவை ஓரங்களை விட்டுத் திருப்பியோடு சுருண்டு வரும். இப்போது தீ சிறியதாக, கலவையின் சூடு 85 டிகிரி பக்கத்தில் இருந்தால் நல்லது. ஓரத்தில் நெய் கசிவது தெரிந்தால் பதம் என்பார்கள். எருமைப்பாலுக்கு இந்த அடையாளம் பொய்க்காது. ஹோமோஜினைஸ் செய்த பாக்கெட் பாலில் கொழுப்புத் துளிகள் மிக நுண்ணியதாக உடைக்கப்பட்டுப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் நெய் எளிதில் பிரியாது. நெய் பிரியட்டும் என்று அந்தப் பாலில் காத்திருப்பவர்கள் கோவாவைக் காய வைத்துவிடுகிறார்கள்.

கண்ணை மட்டும் நம்பாமல் தராசை நம்புவது நல்லது. வெறும் வாணலியையும் திருப்பியையும் முதலில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபுல் கிரீம் பால் 2 லிட்டர் என்றால் திடப்பொருள் 310 கிராம். ஜாமூனுக்கு வேண்டிய 45 சதவீத ஈரத்துக்கு உள்ளே 560 கிராம் இருக்கும்போது நிறுத்த வேண்டும். கலாகந்து போன்றவற்றுக்கு 40 சதவீத ஈரம், 515 கிராம். பேடாவுக்கும் பர்பிக்கும் 30 சதவீதம், 440 கிராம். இறக்கிய பிறகும் வாணலியின் சூட்டில் ஈரம் போய்க்கொண்டிருக்கும் என்பதால், குறித்த எடைக்கு 10, 15 கிராம் முன்பே இறக்கி உடனே தட்டுக்கு மாற்றிவிடலாம். வீட்டில் கோவா செய்பவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

இந்த மூன்று பதங்களுக்கும் வட இந்தியச் சந்தையில் தனித்தனிப் பெயர் உண்டு: தாப், தானேதார், பிண்டி. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. அதிகபட்ச ஈரம் முறையே 45, 40, 35 சதவீதம். தாப் தளர்ந்து வழவழப்பாக இருக்கும், ஜாமூனுக்கும் கேரட் அல்வாவுக்கும் அது. பிண்டி பந்து போல உருட்டிய கெட்டிக் கோவா, பர்பிக்கும் பேடாவுக்கும். தானேதார் என்றால் மணிமணியானது, கலாகந்துக்கு உரியது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் ஒரே வகைதான் தருவார்கள். வாங்கியதும் நெல்லிக்காய் அளவு எடுத்து இரு விரலிடையே அழுத்திப் பாருங்கள். விரலில் பூசிக்கொண்டு பரவினால் ஈரம் அதிகம். ஓரம் வெடித்துப் பிளந்தால் கெட்டி.

மணி கட்டுவது தற்செயலாக நடப்பதில்லை. 2 லிட்டர் பால் பாதியாகச் சுண்டிக் கொதித்துக்கொண்டிருக்கும்போது 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை 50 மில்லி தண்ணீரில் கரைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டு, மணி கண்ணில் பட்டதும் நிறுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு என்றால் ஒரு மேசைக்கரண்டி வரை. மொத்தத்தையும் ஒரே முறை ஊற்றினால் பச்சைத் தண்ணீர் பிரிந்து பன்னீராகிவிடும். பிறகு எவ்வளவு கிளறினாலும் மணி ரப்பர் துண்டுகளாகவே நிற்கும். மணி கட்டிய பின் வேகமாகக் கிளறக் கூடாது, உடைந்துவிடும். கலாகந்துக்குப் பேர்போன ராஜஸ்தானின் அல்வரில் அந்த இனிப்பின் நடுப்பகுதி பழுப்பாகவும் ஓரம் வெளிராகவும் இருப்பதைப் பார்க்கலாம். திரண்டதைச் சூட்டோடு ஆழமான அச்சில் கொட்டி மெதுவாக ஆற விடுவதால், நடுவில் தங்கிய சூடு பல மணி நேரம் பாலின் இனிப்பையும் புரதத்தையும் சிவக்க வைக்கிறது. அதையே அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் அந்த நிறமும் கிடையாது, அந்தக் கருகல் இனிப்பு வாசனையும் கிடையாது.

சர்க்கரை சேர்க்கும்போது கோவா இளகும். இதில் பதறுபவர்கள் அதிகம். சர்க்கரை தன் எடையில் பாதித் தண்ணீரிலேயே கரைந்துவிடக்கூடியது. கோவாவில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு அது பாகாகும்போது மொத்தமும் தளரும். புதிதாகத் தண்ணீர் எதுவும் வரவில்லை. மறுபடி கிளறி அந்தப் பாகைச் செறிவாக்க வேண்டும். பால்கோவாவில் 2 லிட்டர் ஃபுல் கிரீம் பாலுக்கு 200 முதல் 250 கிராம் சர்க்கரை போதும். பால் கூழாகித் தெறிக்கத் தொடங்கும் கட்டத்தில் சேர்த்து, சுருண்டு வரும்வரை கிளறினால் 650 கிராம் அளவுக்குத் தேறும். முன்கூட்டியே போட்டால் பாகு செறிந்து கலவை பிசுக்கேறும், அடிப்பிடிப்பதும் சுலபமாகும். மிகத் தாமதமாகப் போட்டால் சர்க்கரை முழுதாகக் கரையாமல் பல்லில் கடிபடும்.

விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஏலக்காய், முந்திரி, நெய் எதுவும் இல்லாமல் நிற்கும் இனிப்பில் பாலின் தரத்தை மறைக்க இடமே கிடையாது. ஒரு நாள் பழசான பாலா, கொழுப்பு எடுத்த பாலா என்பதை நாக்கு உடனே சொல்லிவிடும். வெல்லத் திரட்டுப்பாலில் கவனம் வேறு இடத்தில் வேண்டும். வெல்லத்தில் சிறிது புளிப்பு உண்டு. தளர்ந்த பாலில் போட்டால் பால் திரிந்துவிடும். பால் நான்கில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகு, வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகாக்கி, தீயைக் குறைத்துக்கொண்டு சேர்க்க வேண்டும்.

குலாப் ஜாமூனில் கோவாவின் ஈரம் அளவுகளையே மாற்றும். தளர்ந்த கோவா 250 கிராமுக்கு மைதா 50 முதல் 60 கிராம், சோடா உப்பு இரண்டு விரல் சிட்டிகை. கோவாவை முதலில் தனியாக உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்துத் தேய்த்து, மணி ஒன்றும் இல்லாமல் வெண்ணெய் போல ஆக்க வேண்டும். மைதாவைப் பிறகு சேர்த்து, அழுத்திப் பிசையாமல் சேர்ந்து வரும் அளவுக்கு மட்டும் கூட்ட வேண்டும். அழுத்தினால் மைதாவின் பசைத்தன்மை கிளம்பி உருண்டை கெட்டியாகிவிடும். கெட்டிக் கோவாவைத்தான் வாங்க முடிந்தது என்றால், 250 கிராமுக்கு 40, 50 மில்லி பால் தெளித்து அரைமணி நேரம் மூடி வைத்த பிறகு தேய்க்கலாம். எண்ணெய் 130 டிகிரி சுற்றி இருக்க வேண்டும். உருண்டையைப் போட்டால் அடியில் உட்கார்ந்து, அரை நிமிடம் கழித்து மெல்ல எழும்ப வேண்டும். போட்டதுமே மிதந்து சிவந்தால் சூடு அதிகம், நடுவில் வேகாத கட்டி நிற்கும். எண்ணெயில் பிரிந்து போனால் ஈரமோ சோடா உப்போ கூடுதல். வெடித்துக் கோடு விழுந்தால் உருட்டும்போது மேற்பரப்பு காய்ந்திருக்கிறது. முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பார்த்து மைதாவைத் திருத்திக்கொண்டால் மீதி தப்பிக்கும்.

பாகு சர்க்கரைக்குச் சம எடைத் தண்ணீர், பிசுபிசுக்கும் வரை கொதித்தால் போதும். கம்பிப் பதத்துக்குப் போய்விட்டால் அந்தக் கெட்டிப் பாகு உருண்டைக்குள் இறங்குவதற்கு முன் உருண்டையின் ஈரத்தை வெளியே இழுத்துவிடும். அதனால்தான் சில ஜாமூன்கள் பாகில் போட்டதும் சுருங்கிப் போகின்றன. கொதிக்கும் பாகிலும் போட வேண்டாம். விரல் பொறுக்காத வெதுவெதுப்பு, 60 டிகிரி அளவு, சரியாக இருக்கும்.

பேடாவில் கெட்டிக் கோவா 500 கிராமுக்குப் பொடித்த சர்க்கரை 150 முதல் 200 கிராம். கோவாவை வறுத்து நிறமேற்றிய பின், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் சர்க்கரையைக் கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் கரைந்து இளகி, உருட்டவே வராது. மதுரா பேடாவும் தார்வாட் பேடாவும் அந்தப் பழுப்பு நிறத்தைப் பெறுவது இந்த நீண்ட வறுப்பில்தான். பர்பிக்கும் அளவு கிட்டத்தட்ட இதுவே, சர்க்கரையை மட்டும் அடுப்பிலேயே சேர்க்கலாம். கேரட் அல்வாவில் 1 கிலோ கேரட்டுக்கு 200 கிராம் கோவா, கேரட்டின் தண்ணீர் முழுதும் வற்றிய பிறகு கடைசி பத்து நிமிடத்தில்.

நறநறப்புக்கு வருவோம். புதிதாக இறக்கிய கோவா பட்டாக இருக்கும். குளிர்பெட்டியில் நான்கு நாள் இருந்ததும் மணல் கடிபடுவது போலாகும். 1 லிட்டர் பாலில் லாக்டோஸ் 50 கிராம் அளவுக்கு இருக்கிறது. 220 கிராம் கோவாவில் மிஞ்சும் தண்ணீர் 65 கிராம். சாதாரணச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் 20 கிராம் லாக்டோஸைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆக 65 கிராமில் 13 கிராம் கரையும், எஞ்சிய 37 கிராமுக்கு இடமில்லை. அது படிகமாகியே தீர வேண்டும். படிகம் பொடியாக இருந்தால் நாக்குக்குத் தெரியாது, பெரிதானால் மணல். அசையாமல் மெதுவாக ஆறும் கோவாவில் சில படிகங்களே தோன்றி அவையே பெருக்கின்றன. இறக்கியதிலிருந்து வெதுவெதுப்பாகும் வரை இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மசித்துக் கிளறினால் எண்ணற்ற பொடிப் படிகங்கள் உருவாகி வழவழப்பு நீடிக்கும். கடையில் வாங்கிய கோவா ஏற்கெனவே மணலாக இருந்தால், சிறிது பால் தெளித்து மெல்லிய சூட்டில் கிளறி, அதே போல மசித்து ஆற வைத்தால் ஓரளவு மீளும்.

பால் பவுடரில் செய்யும் திடீர் கோவா, அதாவது 200 கிராம் கொழுப்புள்ள பவுடரை 100 மில்லி பாலிலும் ஒரு கரண்டி நெய்யிலும் கிளறுவது, கேரட் அல்வாவுக்கு ஒப்பேறும். மெதுவாகச் சுண்டும்போது வரும் மணம் அதில் வராது, பல்லில் ஒட்டும். பேடாவுக்கு அதை எடுக்காமலிருப்பது நல்லது.

வெளியில் வாங்கும்போது மாவுக் கலப்படம் பெரிய கவலை. விதிப்படி கோவாவில் மாவும் சர்க்கரையும் கூடாது. ஒரு தேக்கரண்டி கோவாவைத் தண்ணீரில் கொதிக்க விட்டு, நன்றாக ஆற வைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு இருக்கிறது. ஆறாமல் விட்டால் மாவு இருந்தாலும் நீலம் தெரியாது, ஏமாந்து போவீர்கள். வனஸ்பதிக் கலப்பை இப்படி வீட்டில் பிடிக்க முடியாது. இந்தியாவில் வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி இருப்பதே, ஆய்வகத்தில் நல்லெண்ணெய்க்குரிய செந்நிறத்தை வைத்து அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

கோவாவில் சர்க்கரையும் இல்லை, ஈரமும் குறைவில்லை; பூஞ்சைக்கு வசதியான இடம். கோடையில் வெளியே ஒரு நாள் வைத்தாலே புளிப்பு வாடை தட்டும். கைபடாமல், சூடாக இருக்கும்போதே சுத்தமான உலர்ந்த டப்பாவில் அழுத்தி நிரப்பி, ஆறியதும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சூட்டோடு மூடினால் மூடியில் கோத்த நீர் மேலே சொட்டி, பூஞ்சை முதலில் அங்கேதான் பிடிக்கும். உறைநிலைப் பெட்டியில் வைப்பதானால் 200 கிராம் பொட்டலங்களாகத் தட்டையாகக் கட்டுங்கள். எடுத்ததை முந்தின இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, அப்படியே மெதுவாக இளக விட்டு, பிறகு அறைச் சூட்டுக்கு வந்ததும் தேய்க்கத் தொடங்கலாம்.